ஸ்டூல்களின் மேலிருக்கும் சேலைக் கட்டுகளை இறக்கி வையுங்கள்: ஜவுளிக் கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜவுளிக் கடை உரிமையாளர்களுக்கும், தளங்களைக் கண்காணிக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் 14 ஆண்டுகளாகப் பட்டுப் பிரிவில் நின்று சேலை விற்றுவருகிறவள். இதுவரை இரண்டு கடைகளில் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை, ஏனெனில் நான் சொல்ல வந்த குறை எந்தக் கடையில் நின்று பார்த்தாலும் தெரியக்கூடியது. 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா சட்டமன்றத்துக்கு வந்ததும், அது சட்டமானதும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பணியாளர்கள் உட்காருவதற்கு இருக்கை இருக்க வேண்டும் என்று அது சொல்வதும் நீங்கள் அறிந்தவையே. எங்கள் தளத்துக்கும் நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. சில வாரங்களில் அவற்றின் மேல் பிரிக்காத சேலைக் கட்டுகள் ஏறின. காலியாக இருக்கும் ஸ்டூலில் யாராவது உட்கார்ந்தால், கேமராவில் பார்த்துவிட்டுக் கீழ்த்தளத்திலிருந்து சூப்பர்வைசருக்குப் போன் வருகிறது.

சென்ற தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு நடந்ததுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. என் பிரிவில் வேலை பார்க்கும் 19 வயதுப் பெண், மாடிக் கிடங்கிலிருந்து முகத்தை மறைக்கும் உயரத்துக்குச் சேலைகளை அடுக்கிச் சுமந்து இறங்கியபோது, கடைசிப் படி கண்ணுக்குத் தெரியாமல் வலது பாதம் உட்புறமாக மடங்கி விழுந்தாள். தூக்கி நிறுத்தினோம். அவளால் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை. கணுக்காலின் வெளிப்புற எலும்பு முனையில் விரல் பட்டாலே அலறினாள். தளத்தில் நிற்க இடமில்லாத கூட்டம். 'சுளுக்குதான், தைலம் போட்டால் சரியாகிவிடும்' என்றார் சூப்பர்வைசர். நானும் அதையேதான் சொன்னேன். அந்தச் சொல்லுக்காக இன்றுவரை என் மனம் ஆறவில்லை.

துணியால் இறுகக் கட்டி, அவளைப் பை போட்டுக் கொடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அதுவும் நின்று செய்கிற வேலை. ஐந்து நாளும் இடது காலில் உடம்பு முழுவதையும் தாங்கி, மேசை விளிம்பைப் பிடித்தபடி, காலை ஒன்பதரையிலிருந்து இரவு பத்தரை வரை நின்றாள். வீக்கம் விரல்கள் வரை இறங்கி, பாதத்தின் வெளிப்பக்கம் கருநீலமாகியிருந்தது. இரவில், ஹாஸ்டலில் சுளுக்கு எடுக்கத் தெரிந்த ஓர் அக்கா நல்லெண்ணெய் போட்டு வழித்துவிட்டார். முறிந்த எலும்பின் மேல் வழிக்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

தீபாவளிக்கு மறுநாள் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தபோது, வெளிக்கணுக்கால் எலும்பு முறிந்து விலகியிருந்தது. தகடும் திருகுகளும் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். விழுந்த அன்றே வந்து அந்தக் காலை ஊன்றாமல் இருந்திருந்தால், மாவுக்கட்டோடு முடிந்திருக்க வாய்ப்பு இருந்தது என்றார் மருத்துவர். கணுக்கால் மடங்கியவர் விழுந்த உடனேயும் மருத்துவமனைக்கு வந்த பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் இருந்தாலோ, கணுக்கால் எலும்பு முனைகளின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும் என்ற விதியையும் அவர்தான் விளக்கினார். 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்த விதி அது. அதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். நான்கு அடி என்றால் பில் கவுண்டருக்கும் மாடிப்படிக்கும் இடையே உள்ள தூரம்கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேலையிடத்துக் காயத்தால் வேலைக்கு வர முடியாத நாள்களுக்கு, சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காட்டைத் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. கொடுக்கிறது. முதலாளியின் பணப்பெட்டியிலிருந்து அதற்காக ஒரு ரூபாயும் தனியாகப் போவதில்லை. கடை செய்ய வேண்டியதெல்லாம் விபத்து அறிக்கை அனுப்புவது ஒன்றே. அவளுக்காக அந்த அறிக்கை அனுப்பப்படவில்லை. அவள் கட்டிலில் கிடந்த நாள்கள் சம்பளமில்லாத விடுப்பாகப் பதிவாயின.

ஒரு விபத்தை வைத்து எல்லாரையும் குறை சொல்வதாக நீங்கள் நினைக்கக் கூடாது என்பதால், விழாமலே கெட்டுப்போகும் எங்கள் கால்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதுகிறேன். நடப்பதும் நிற்பதும் ஒன்றல்ல. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலுக்கு இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. கவுண்டருக்குப் பின்னால் ஒரே இடத்தில் நிற்கும்போது அந்தத் தசைக்கு வேலையில்லாமல் இரத்தம் கீழேயே தேங்குகிறது. இரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகளின் வால்வுகள் நாளடைவில் தளர, 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று நாங்கள் சொல்லும் வெரிகோஸ் வெயின் வருகிறது. மாலையில் இரண்டு கணுக்கால்களும் வீங்கி, இரவில் தலையணை மேல் தூக்கி வைத்தால் காலையில் வடிந்துவிடுகிற வீக்கத்துக்கு நாங்கள் பழகிவிட்டோம். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்துகொண்டால் பில் போட்டு முடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. கணுக்காலின் உட்புறத்துக்கு மேலே தோல் கறுத்து அரிக்கத் தொடங்கினால், அது புண்ணாகும் முன்பே காட்ட வேண்டும். இவற்றுக்கெல்லாம் அரை நாள் விடுப்புக் கேட்கப் போனால், 'காலில் என்ன பெரிய நோய்?' என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

குதிகால் வலி இல்லாதவர் எங்கள் தளத்தில் ஒருவரோ இருவரோதான். காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே முள் குத்துவதுபோல் வலிக்கும், கொஞ்சம் நடந்தபின் குறையும், மாலையில் மறுபடி ஏறும். குதிகாலிலிருந்து விரல்களின் அடிப்பகுதிவரை போகும் தடித்த சவ்வு நோவதால் வருவது அது. கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, மெத்தென்ற செருப்பு, கொஞ்சம் ஓய்வு ஆகியவற்றால் பெரும்பாலோருக்கு மாதக் கணக்கில் மெதுவாகக் குறைந்துவிடக்கூடியது. நாங்களோ டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்கிறோம். இரவில் செங்கல்லைச் சுட வைத்து, அதன் மேல் எருக்கிலையை வைத்துக் குதிகாலை அழுத்திக்கொள்கிறோம். எங்களில் சர்க்கரை நோயுள்ள ஓர் அக்காவுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. சேலையிலிருந்து தரையில் விழுந்த குண்டூசி அவர் பாதத்தில் தைத்திருந்ததை, மாலையில் தரையில் இரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் அறிந்தார். வலிக்காத புண்ணைத்தான் அவரைப் போன்றவர்கள் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சுட்ட செங்கல்லை அவர்கள் தொடவே கூடாது.

வாடிக்கையாளர் முன்னால் விற்பவர் உட்காருவது மரியாதையாக இராது என்று உங்களில் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் தாத்தாவின் கடையை நினைத்துப் பாருங்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் முதலாளி உட்கார்ந்திருந்தார், சேலையை எடுத்து விரித்தவர் உட்கார்ந்திருந்தார், வாங்க வந்த குடும்பமும் அதே மெத்தையில் உட்கார்ந்திருந்தது. அன்று யாருடைய மரியாதையும் குறைந்துவிடவில்லை. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018-இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் சட்டம் எங்களைத் தேடியே வந்தது. வந்த சட்டத்தின் மேல் சேலைக் கட்டுகளை ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். உங்கள் கடையில்தான் என் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் சம்பாதித்தேன் என்பதை நான் மறக்கவில்லை. நான் கேட்பது இதுதான்: எதிரில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் எங்களை உட்கார விடுங்கள். உட்கார்ந்ததற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று சூப்பர்வைசர்களிடம் எங்கள் முன்னாலேயே சொல்லுங்கள். வேலைக்கு நடுவே விழுந்தவரால் நான்கு அடி நடக்க முடியவில்லை என்றால், தீபாவளிக் கூட்டமே ஆனாலும் அந்த நேரமே மருத்துவமனைக்கு அனுப்புங்கள், விபத்து அறிக்கையையும் தாமதமின்றி அனுப்புங்கள். இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போக அரை நாள் கேட்பவரைப் பொய்க்காரராகப் பார்க்காதீர்கள். கடைக்குள் மட்டும் போட்டுக்கொள்ள மெத்தென்ற செருப்புக்கு அனுமதி கொடுங்கள். செருப்பை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

ஆடித் தள்ளுபடிக்கான சரக்கு இன்னும் சில வாரங்களில் வந்து இறங்கும். கிடங்கில் இடமில்லை என்றானதும் முதல் கட்டு ஏறுவது அந்த ஸ்டூல்களின் மேல்தான். அதற்கு முன்பே அவற்றைக் கவுண்டருக்குப் பின்னால் போட்டு, 'உட்காருங்கள்' என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லிவிடும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண் மாசியில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் இறங்குகிறாள். ஒரு ஸ்டூலை அவள் நிற்கும் இடத்துக்கு அருகில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பட்டுப் பிரிவு விற்பனையாளர் ஒருவர்