சர்வீஸ் மேனேஜர் சாருக்கு, என் காருக்கு நாலாவது ஜாப் கார்டு (சர்வீஸ் சீட்டு) போடறதுக்கு முன்னாடி

வணக்கம்ங்க சார்.

நான் யாருன்னு உங்களுக்கே தெரியும். வெள்ள கலர் ஆட்டோமேட்டிக், வாங்கி 2 வருஷம் 4 மாசம், பேட்டரி கம்ப்ளைன்ட். கேட்ல நுழையறப்பவே செக்யூரிட்டி அண்ணன் "மறுபடியும் பேட்டரிங்களா"ன்னு கேக்கற அளவுக்கு பழகிட்டோம். அதனால பழைய கதைய முழுசா இழுக்கல. மூணு தடவ கொண்டு வந்தேன், மூணு தடவயும் சார்ஜ் போட்டு வாட்டர் வாஷ் பண்ணி பளபளன்னு குடுத்தீங்க, மூணு தடவயும் ஒரு வாரத்துக்குள்ள பழைய குருடி கதவத் திறடின்னு ஆயிருச்சு. நடுவுல ஒரு புது பேட்டரி வேற என் கைக்காசுல வாங்கிப் போட்டாச்சு, ஏன்னு கேட்டா "அது பேட்டரி கம்பெனி வாரன்டி சார், எங்களுது இல்ல"ன்னுட்டாங்க.

போன செவ்வாக்கெழம நடந்தத மட்டும் சொல்றேன்.

அம்மாவுக்கு கண் செக்கப். சொட்டு மருந்து விட்டுட்டதால வெளிச்சமே ஆகல, முந்தானைய மூஞ்சில போட்டுட்டு பின்னாடி சீட்ல ஒக்காந்திருந்தாங்க. திரும்பி வர்றப்ப ரயில்வே கேட் போட்டுட்டாங்க, எனக்கு முன்னாடி நாலே வண்டி. எல்லாரும் ஆஃப் பண்றாங்க, நானும் இஞ்சின ஆஃப் பண்ணிட்டு அம்மாவுக்காக ஃபேன் மட்டும் ஓட விட்டேன், மத்தியானம் 1 மணி வெயிலுங்க. ஒரு கூட்ஸ் போச்சு, அப்பறம் எதிர்ல ஒரு பாசஞ்சர். கேட்டத் தூக்குனாங்க, பட்டன அமுக்குனா டக்டக்டக்டக்னு ஒரு சத்தம், டேஷ்போர்டு முழுக்க சீரியல் லைட் மாதிரி மின்னிட்டு அப்படியே இருட்டாயிருச்சு.

பின்னாடி ரெண்டு பஸ்சு, ஒரு டேங்கர், ஹாரன் சத்தத்துல காது அடைச்சுப் போச்சு. ஒருத்தர் வந்து "செகண்ட் கியர்ல போட்டு கிளட்ச விடுங்க"ங்கறாரு, இதுல கிளட்ச்சே இல்லைங்கன்னா என்னய ஒரு மாதிரி பாக்கறாரு. சரி ஓரமாவாச்சும் தள்ளுவோம்னு நாலு பேரு வந்து மூச்சு முட்ட தள்றாங்க, வண்டி ஒரு இன்ச் நகரல. அப்பறம்தான் எனக்கே புரிஞ்சுது, பேட்டரில கரண்ட் இல்லன்னா கியர் பார்க்கிங்ல (P) இருந்தே வெளிய வராதுன்னு. கடைசில ஒரு குட்டியானைக்கார தம்பி சீட்டுக்கு அடில இருந்து ஜம்பர் கேபிள் எடுத்துட்டு வந்து, அவரு வண்டி பேட்டரில இருந்து கரண்ட் குடுத்து ஸ்டார்ட் பண்ணி விட்டாரு, டீக்கு காசு குடுத்தா கூட வாங்கல. அம்மா முந்தானைய எடுக்காமலே "ஆட்டோலயே போயிருக்கலாம் கண்ணு"ன்னாங்க. 14 லட்ச ரூபா வண்டிங்க சார்.

அன்னிக்கு சாயங்காலம் உங்க அட்வைசருக்கு போன் பண்ணா "இஞ்சின் ஆஃப்ல ஃபேன் போட்டா அப்படித்தான் சார்"ங்கறாரு. கால் மணி நேரம் ஃபேன் ஓடுனதுக்கே படுத்துக்கறதுக்கு பேர் பேட்டரியா? மொதல்ல "நீங்க வண்டிய ஓட்டறதே இல்ல"ன்னீங்க, அப்பறம் "சின்ன சின்ன தூரம் ஓட்டறீங்க"ன்னீங்க, இப்ப ஃபேன். அடுத்த தடவ நான் ஒக்கார்ற வெயிட்டு ஜாஸ்தின்னு சொல்லிருவீங்களோன்னு பயமா இருக்கு.

மறுநாள் உக்கடத்துல ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனேன், மறைக்கல. பானெட்ட தொறந்து வெச்சு, வண்டிய லாக் பண்ணிட்டு, உள்ள இருக்கற கம்ப்யூட்டரெல்லாம் தூங்கட்டும்னு அர மணி நேரம் விட்டாரு. அப்பறம் சும்மா நிக்கறப்ப வண்டி எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பாக்க பேட்டரி மைனஸ் டெர்மினல்ல மீட்டர மாட்டுனாரு. நல்ல வண்டின்னா 50 மில்லி ஆம்புக்கு கீழ காட்டணுமாம், எனக்கு 600. ஒவ்வொரு ஃபியூசா உருவிப் பாத்தாரு, டேஷ்போர்டு ஸ்கிரீனுக்கு போற ஃபியூச உருவுனதும் 30க்கு எறங்கிருச்சு. மொத்தமே ஒரு மணி நேர வேல. 600 மில்லி ஆம்புன்னா ஒரு நாளைக்கு 14 ஆம்பியர்-ஹவருக்கு (Ah) மேல, என்னோடது 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, ரெண்டு நாள் நிறுத்துனா பாதிக்கு மேல காலி. கணக்குல நான் எப்பவும் வீக்கு, எனக்கே இது புரியுதுங்க சார்.

அவரு கை வெக்கல. "வாரன்டில இருக்குதுங்க, கம்பெனிலயே காட்டுங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. உங்க அட்வைசர்கிட்ட இத சொன்னா அவரு மொத வார்த்தையே "வெளியாளு தொட்டிருந்தா வாரன்டி பிரச்சன ஆகும் சார்". ஃபியூச உருவி திருப்பி சொருகுனதுக்கா? நீங்களும் பாக்க மாட்டீங்க, அடுத்தவனையும் பாக்க விட மாட்டீங்க.

நான் கேக்கறது புது வண்டி இல்ல, காசும் இல்ல. வண்டிய ஒரு ராத்திரி வெச்சுக்கோங்க, லாக் பண்ணி மீட்டர் வெச்சு எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு அளந்து, அந்த நம்பர ஜாப் கார்டுல எழுதிக் குடுங்க. அவ்வளவுதான். "செக்டு ஓகே"ன்னு எழுதாதீங்க, மூணு கார்டுலயும் அதான் எழுதியிருக்கு, ஃபைல்ல பத்திரமா வெச்சிருக்கேன்.

ஏசி ரூம்ல காப்பி நல்லா இருக்குதுங்க, அத மறுக்கல. டெஃப்ளான் கோட்டிங் போடுங்க, ஏசி கிளீனிங் பண்ணுங்கன்னு விக்கறதுக்கு அஞ்சு பேர் இருக்காங்க, மீட்டர் புடிக்கத்தான் ஆளில்ல. வண்டி வீடு வந்து சேர்றதுக்குள்ள "ஃபீட்பேக் கால் வரும் சார், 10க்கு 10 குடுத்துருங்க, கொறஞ்சா என் இன்சென்டிவ் போயிரும்"னு அந்தத் தம்பி கெஞ்சறான், பாவமா இருக்கு, மூணு தடவயும் 10 குடுத்துட்டேன். என் தப்புதான். இந்த தடவ கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்கன்னு வீட்ல சொல்றாங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு ஆன்லைன்லயே மனு போடலாமாம். எனக்கு அதுல ஆச இல்லைங்க, லீவு போட்டு அலையறதுக்கு தெம்பும் இல்ல.

கோவமா எழுதிட்டேன்னா மன்னிச்சுக்கோங்க. வர்ற வியாழக்கெழம காலைல 9 மணிக்கு வண்டிய கொண்டாந்து விடறேன், ஸ்டார்ட் ஆகலைன்னா சொல்றேன், தயவு செஞ்சு டோ வண்டி அனுப்புங்க. வெள்ளிக்கெழம சாயங்காலம் வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். அளந்து, நம்பர எழுதி, சாவி குடுக்கறப்ப அந்தக் கார்டையும் குடுங்க.

வாட்டர் வாஷ் மட்டும் வேண்டாங்க சார்.

இப்படிக்கு,
அந்த வெள்ள வண்டிக்காரன், கோயம்புத்தூர்