ஸ்ப்ரே அடித்து உள்ளே அனுப்பாதீர்கள்

கோலாலம்பூர் வட்டாரத்தில் வார இறுதிக் காற்பந்துப் போட்டிகள் நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும், குழு மேனேஜர் அண்ணன்மாருக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செந்தூல் பக்கம் ஒரு திடல். ஒன்பது பேர் ஆட்டம், காலிறுதி. நீல ஜெர்சி போட்ட ஒரு பையன், இருபது வயது இருக்கும், பந்தோடு ஓடி வந்தவன் சட்டென்று இடப்பக்கம் திரும்பினான். பக்கத்தில் யாரும் இல்லை. அப்படியே முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கெனோப்பிக்குக் கீழே மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கே அவன் கத்தியது கேட்டது. மேனேஜர் ஓடினார். ஸ்ப்ரே அடித்தார், கோடாலித் தைலம் தேய்த்தார், காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். "ஒன்னும் இல்லடா, சுளுக்குதான்" என்றார். ஆறு நிமிடத்தில் பையன் மறுபடி உள்ளே. அடுத்த திருப்பத்தில் மறுபடி கீழே.

அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 2008-ல் அதே முட்டாள்தனத்தை என் முட்டிக்கு நானே செய்துகொண்டேன்.

அப்போது நான் இடது பின்கள ஆட்டக்காரன். குதித்து, தலையால் முட்டி, ஒற்றைக் காலில் இறங்கினேன். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். வலி பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது, ஆனால் சாயங்காலத்துக்குள் முட்டி தேங்காய் அளவு வீங்கியது. உருவிவிடும் ஒருவரிடம் மூன்று தடவை போனேன். எக்ஸ்ரே எடுத்தேன்; எலும்பு உடையவில்லை என்றார்கள். அம்மா கோயிலில் அர்ச்சனையே செய்துவிட்டார். மூன்று வாரத்தில் வீக்கம் வற்றியதும் அரையிறுதியில் இறங்கினேன். பத்தாவது நிமிடத்தில் முட்டி தன்பாட்டுக்கு நழுவியது. முதல் தடவை அறுந்தது ஒன்று. இரண்டாவது தடவை கிழிந்தது இன்னொன்று. அந்த இரண்டாவதுக்குத்தான் இன்றைக்கும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறேன்.

முதலில் அறுந்தது ஏசிஎல். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்கு நடுவில் குறுக்கே கட்டிவைத்திருக்கும் தசைநார் அது. கீழ்க்கால் முன்னால் சறுக்காமலும், திரும்பும்போது முறுக்கிக்கொள்ளாமலும் அது பிடித்துக்கொள்கிறது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தசைநார் தெரியாது. எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் முட்டி நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. பழகிய மருத்துவர் படுக்கவைத்துக் கீழ்க்காலை லேசாக முன்னால் இழுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்; எம்ஆர்ஐ அதை உறுதிப்படுத்தும்.

இடித்துத் தள்ளினால்தான் முட்டி போகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஏசிஎல் அறுவது பெரும்பாலும் யாரும் தொடாதபோதுதான். ஓட்டத்தில் சட்டென்று நின்று திரும்பும்போது, குதித்து இறங்கும்போது. பூப்பந்து பார்க்கிறவர்களுக்கு ஸ்பெயின் ஆட்டக்காரர் கரோலினா மரினைத் தெரியும். 2019-ல் வலது முட்டி, 2021-ல் இடது முட்டி. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முன்னிலையில் இருந்தபோது மறுபடி வலது முட்டி. வலைக்கு அந்தப்பக்கம் நிற்கும் எதிராளி எப்படித் தள்ளியிருக்க முடியும்?

திடல் ஓரத்தில் நிற்பவர் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. 'டொக்' என்று கேட்டதா, ஆட்டக்காரன் உணர்ந்தானா? இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி வீங்குகிறதா? அப்படி வேகமாக வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். காலை ஊன்றினால் நழுவுகிறதா? முழுசாக நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டதா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. ஸ்ப்ரே தோலை மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். அறுந்த நாரை அது ஒட்டாது. முதல் இரண்டு மூன்று நாளைக்கு உருவிவிடுவது, சூடு ஒத்தடம் எல்லாம் வீக்கத்தைக் கூட்டும். துணி சுற்றிய ஐஸ், இறுக்கமான பேண்டேஜ், காலைத் தூக்கி வைத்துக்கொள்வது, அப்புறம் கிளினிக். குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி, அங்கிருந்து கடிதம் வாங்கி நிபுணரிடம் போனால் 5 வெள்ளி. காத்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனாலும் ஸ்ப்ரே டின் அதைவிட விலை.

எல்லா முட்டிக் காயத்துக்கும் கத்தி வேண்டும் என்று பயப்படவும் வேண்டாம். முட்டியின் உள்பக்கத் தசைநார், எம்சிஎல், வெளியிலிருந்து இடி வாங்கும்போது கிழிவது. அது பெரும்பாலும் பட்டையும் பயிற்சியும் போட்டாலே சில வாரங்களில் சேர்ந்துகொள்ளும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்றால் நடிப்பு என்று விரட்டாதீர்கள். வளரும் எலும்பைத் தசைநார் இழுப்பதால் வருவது அது. ஓட்டத்தைக் குறைத்தால் காலப்போக்கில் சரியாகிவிடும்.

ஏசிஎல்லுக்கேகூட உடனே அறுவை அவசியம் என்றில்லை. சுவீடனில் 121 இளம் வயதினரை வைத்து நடத்திய ஆய்வு 2010-ல் வெளிவந்தது. முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை என்று விடப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு ஆண்டுகள் கழித்தும் அறுவை இல்லாமலேயே இருந்தார்கள். ஆனால் நம் பையன்கள் மறுபடி திடலில் வெட்டித் திரும்பி ஓட ஆசைப்படுகிறவர்கள். முட்டி நழுவிக்கொண்டே இருந்தால் அறுவைதான் வழி. அறுந்த நாரைத் தைக்காமல், பின்தொடையிலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு அதன் இடத்தில் பொருத்துவார்கள்.

இனிமேல்தான் உங்களோடு எனக்கு உண்மையான சண்டை. பொருத்திய நார் முதல் சில வாரங்களில் பலவீனமாகிவிட்டுத்தான் மெதுவாக உரம் ஏறும். நான்காம் மாதத்தில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பையன் மெதுவோட்டம்கூட ஓடுவான். அப்போதுதான் போன் வரும்: "தம்பி, பைனல்டா, இருபது நிமிஷம் நின்னா போதும்." நார்வேயில் ஆட்டக்காரர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2016-ல் வந்தது. அறுவைக்குப் பின் ஒன்பதாம் மாதம் வரை, திடலுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முட்டி காயப்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆகவே ஒன்பது மாதம், அதோடு காயப்பட்ட காலின் தொடைத்தசை மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது எட்டியிருக்க வேண்டும். அதை பிசியோ அளந்து சொல்லட்டும், மேனேஜர் கண்ணால் அளக்க வேண்டாம்.

எனக்கு இரண்டாவதாகக் கிழிந்தது மெனிஸ்கஸ், இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு. அதன் வெளி விளிம்பில்தான் ரத்த ஓட்டம். அங்கே கிழிந்தால் தைக்கலாம், ஒட்டும். எனக்குக் கிழிந்தது உள்விளிம்பில். வெட்டி எடுத்தார்கள். மெத்தை போனால் எலும்பு சீக்கிரம் தேயும். நாற்பது தாண்டியதும் எனக்கு அது புரிந்தது.

சரி, என்ன கேட்கிறேன்? அட்டவணையில் முதல் ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம். ஃபிஃபாவின் '11 பிளஸ்' பயிற்சியில் ஓட்டம், இடுப்பு பலம், ஒற்றைக்கால் சமநிலை, குதித்து இறங்குவது என்று 15 பயிற்சிகள் இருக்கின்றன. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் அதைச் சோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பெண்களுக்கு ஏசிஎல் அறுவது ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால், பெண்கள் பிரிவு நடத்துகிறவர்கள் இதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மட்டும் செய்து பலனில்லை, பயிற்சியிலும் வாரம் இரண்டு தடவை வேண்டும்.

அப்புறம், முட்டி போன ஆட்டக்காரன் திரும்பி இறங்கலாமா என்பதை அவன் குழு மேனேஜர் முடிவு செய்யக்கூடாது. கிண்ணத்துக்காகத் தவிப்பவர் அவர். முதலுதவி தெரிந்த வெளியாள் ஒருவரை வையுங்கள், அவர் 'இல்லை' என்றால் இல்லை. ஒரே நாளில் ஐந்து ஆட்டம் வைப்பதையும் யோசியுங்கள். களைத்த கால் ஒழுங்காக இறங்காது. இதில் பணச் சிக்கல் இருப்பது எனக்குத் தெரியும். திடல் வாடகையை ஒரு நாளுக்கு மேல் கட்ட முடியாது. குறைந்தது குழுக்களைக் குறையுங்கள்.

அடுத்த போட்டிக்குக் காலை ஏழு மணிக்கே வந்துவிடுகிறேன். கூம்புகள் என்னிடம் இருக்கின்றன, காசு வேண்டாம். பயிற்சியைச் சொல்லித்தருகிறேன், குந்தி உட்கார்ந்து செய்துகாட்ட மட்டும் இன்னொரு பையன் வேண்டும். எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய இடது பின்களம், செந்தூல்