இரண்டு அப்பச்சி, ஒரு புள்ளி: கோயில் காரியக்காரர்களுக்குத் திறந்த மடல்

நம் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் நிர்வகிக்கும் காரியக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடிப் பக்கத்து ஊர்க்காரன் நான். பிழைப்பு நியூஜெர்சியில். சில வருடங்களுக்கு முன் அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்குப் போனேன். எல்லோரும் அங்கே கேட்கும் கேள்விகளைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அப்போது 100 கேள்விகளையும் விடைகளையும் முன்பே கொடுத்துவிடுவார்கள். 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் போதும். (2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள், 20 கேட்டு 12 சரியாக இருக்க வேண்டும்.) அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிக்க வேண்டும், ஒரு வரி எழுத வேண்டும். வட்டிக் கணக்கை மனக்கணக்காகப் போட்ட வம்சத்துக்கு இது எந்த மூலைக்கு?

நான் மாட்டிக்கொண்டது பெயரில்.

பிறந்ததிலிருந்து வேறு பெயர் உண்டா என்று படிவத்திலேயே கேட்கிறார்கள். செல்லப் பெயரைக்கூட விடுவதில்லை. நம்மில் யாருக்கு ஒரே பெயர்? எனக்கு ஐயாவின் (அப்பாவைப் பெற்றவரின்) பெயர். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்று ஆத்தா கடைசிவரை 'ராசா' என்றுதான் கூப்பிட்டார்கள். அதையும் எழுதினேன். அதிகாரி சிரித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். பிறப்புச் சான்றிதழில் ஓர் அப்பா, கடவுச்சீட்டில் வேறோர் அப்பா.

அப்பச்சி என்றால் நமக்கு அப்பா. என்னைப் பெரியப்பச்சிக்குப் பிள்ளை கூட்டியபோது, அதாவது பெரியப்பாவுக்குத் தத்துக் கொடுத்தபோது, எனக்கு 23 வயது. அன்றைக்கே விலாசம் (பெயருக்கு முன் போடும் இனிஷியல்) மாறிவிட்டது. கல்லூரிப் பட்டத்தில் பழைய விலாசம், அதன்பின் எடுத்த கடவுச்சீட்டில் புதியது. இங்கே அந்த விலாசத்தை விரித்து எழுதி, அப்பச்சி பெயரையே என் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தபிறகு உட்கார்ந்து, 23 வயதில் ஒருவன் எப்படி இன்னொருவருக்கு மகனாக முடியும் என்று விளக்கிப் பாருங்கள். 1956-ஆம் வருட இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் பொது விதி 15 வயதுக்குள் என்பதுதான். வழக்கம் இருந்தால் விலக்கு உண்டு என்று அதே பிரிவு சொல்கிறது. நமக்கு அந்த வழக்கம் உண்டு. சரி, அதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

முடிவைத் தள்ளிவைத்து, ஆவணம் கேட்டு ஒரு தாள் கொடுத்தார்கள்.

ஊருக்கு ஓடி வந்தேன். வீட்டின் இரண்டாங்கட்டில் இருந்த இரும்புப்பெட்டியைத் திறந்தால், பாட்டையா கொண்டுவிற்க (கடல்கடந்து தொழில் செய்ய) போன காலத்து, பர்மாவின் மௌல்மீன் கடைப் பேரேடு பூச்சி அரிக்காமல் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கடன், என்ன வட்டி, எல்லாம் அணா பைசா சுத்தமாக. என் கல்யாணத்து இசைகுடிமானம்கூட (திருமண ஒப்பந்த ஓலை) இருந்தது, வெகுதானிய வருடம் ஆவணி மாதம் என்று. அதை 1998 என்று மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை கூட்டியதற்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. 'ஊரே பார்த்ததே' என்றார்கள்.

கோயிலுக்குப் போனேன். எந்தக் கோயில் என்பது வேண்டாம். என் புள்ளி (கோயில் கணக்கில் திருமணமான ஒரு குடும்பம்) மாறிய பதிவு இருந்தது. ஆனால் தேதி இல்லை, கூட்டிக் கொடுத்த அப்பச்சியின் பெயர் இல்லை. கடிதம் வாங்க மூன்று நடை. மூன்றாவது நடையில் கிடைத்ததில் என் பெயரில் ஆங்கில எழுத்து ஒன்று பிசகியிருந்தது. கடைசியில் இரண்டு வீட்டுப் பங்காளிகளும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தையும் அந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பித்தான் காரியம் முடிந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். கல்யாணத்துக்குக் கோயில் மாலை கேட்டு வரும்போதும், புள்ளி மாற்றும்போதும் ஒரு பக்கம் கூடுதலாக எழுதுங்கள்: கடவுச்சீட்டில் உள்ளபடி ஆங்கிலத்தில் பெயர், பழைய விலாசம், புதிய விலாசம், இரண்டு அப்பச்சி பெயர்களும், ஆங்கிலத் தேதி. கேட்பவருக்கு அதன் நகலை முத்திரையோடு கொடுங்கள்.

பங்குனியில் முன்னோருக்கான படைப்புக்கு வருகிறேன். என் சின்னத்தா (சித்தி) மகனும் பிள்ளை கூட்டப்பட்டவன்தான், அடுத்த வருடம் விண்ணப்பிக்கிறான். அவன் பதிவை எடுத்து வையுங்கள். படிவத்தை நானே தட்டச்சு செய்து கொண்டுவருகிறேன்.