மூன்று முறை நடந்ததெல்லாம் ஹாட்ரிக் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஹாட்ரிக் தோல்வி’, ‘ஹாட்ரிக் விலை உயர்வு’ போன்ற தலைப்புகள் நாளிதழ்களில் அண்மைக்காலமாக அடிக்கடி கண்ணில் படுகின்றன. எது மூன்று முறை நடந்தாலும் இந்தச் சொல்லைப் போட்டுவிடுவது பொருத்தமில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1858இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில், எச்.எச். ஸ்டீஃபன்சன் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகளைச் சாய்த்தார். அதைப் பாராட்டிப் பணம் திரட்டி அவருக்கு ஒரு தொப்பியைப் பரிசளித்தனர். இப்படித் தொப்பிப் (ஹாட்) பரிசோடு பிறந்த ‘ஹாட்ரிக்’ என்ற சொல் சாதனைக்குத்தான் பொருந்தும். தக்காளி விலை மூன்றாவது வாரமாக ஏறினால் தொப்பியை யாருக்குக் கொடுப்பது? நமக்குக் குல்லா போட்டுவிட்டார்கள் என்று வேண்டுமானால் எழுதலாம்.

அடுத்தது, தொடர்ச்சி. 2001இல் கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் ஹர்பஜன் சிங் அடுத்தடுத்த பந்துகளில் பாண்டிங்கையும் கில்கிறிஸ்டையும் எல்.பி.டபிள்யூ. முறையில் வெளியேற்றிய பிறகு, வார்னே தட்டிவிட்ட பந்தைச் சென்னை வீரர் சடகோபன் ரமேஷ் ஷார்ட் லெக்கில் பிடித்தார். மூன்றாவது நடுவர் அவுட் கொடுத்த பிறகே, டெஸ்ட் போட்டிகளில் இந்தியர் ஒருவரின் முதல் ஹாட்ரிக் உறுதியானது. அந்தப் பந்தில் விக்கெட் விழாமல், அதற்கடுத்த பந்தில் விழுந்திருந்தால் அது ஹாட்ரிக் ஆகியிருக்காது.

ஆனால் இடையில் ஓவரோ இன்னிங்ஸோ மாறுவதால் தொடர்ச்சி அறுந்துவிடாது. 1988இல் பெர்த் நகரில் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் மெர்வ் ஹியூஸ் எடுத்த ஹாட்ரிக் மூன்று ஓவர்களிலும் இரண்டு இன்னிங்ஸ்களிலுமாகப் பரவியிருந்தது. அவர் வீசிய பந்துகள் அடுத்தடுத்தவையா என்பதே கணக்கு. எம்.ஜி.ஆர். 1977, 1980, 1984 தேர்தல்களில் பெற்ற வெற்றிகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்: 1980 பிப்ரவரியில் அவரது ஆட்சி கலைக்கப்பட்ட போதிலும், அவை அடுத்தடுத்த மூன்று சட்டமன்றத் தேர்தல்கள் என்பதால் ஹாட்ரிக் என்பது சரியே. 1991, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் ஜெயலலிதா ஆட்சியைப் பிடித்ததை அவ்வாறு சொல்ல இயலாது. 1996இலும் 2006இலும் தி.மு.க. வென்றிருக்கிறது.

கால்பந்தில் ஒருவர் விட்டுவிட்டு மூன்று கோல் அடித்தாலும் ஹாட்ரிக்தானே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், ஆனால் அவை மூன்றும் ஒரே ஆட்டத்தில் விழ வேண்டும் என்ற வரையறை அங்கே இருக்கிறது. தேர்தலுக்கு அப்படி ஒன்றும் இல்லாததால், கிரிக்கெட்டின் அளவுகோலே ஏற்றது.

தலைப்புக்கு இடம் குறைவு என்பதை அறிவேன். எனினும் ‘தொடர் தோல்வி’ என்றோ ‘மூன்றாம் முறை’ என்றோ எழுதுவதற்கு அதிக இடம் தேவைப்படாது. செய்திப் பிரிவினர் இதைக் கவனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருநெல்வேலி.