தூரத்தைக் குறைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ளவர்களே,

உங்களில் பெரும்பாலோரை நான் பார்த்ததில்லை. சிறிய சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கும் என்னால், நோயாளியின் பக்கத்தில் நின்றபடியே தொலைவிலுள்ள நிபுணரிடம் சந்தேகம் கேட்க முடிகிறது. இது தானாக வந்த வசதி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி டாக்டர் சஞ்சீவ் அரோராவுக்கு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கல்லீரல் மருத்துவரான அவரைப் பார்க்க ஹெபடைடிஸ் சி நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2003-இல் 'புராஜெக்ட் எக்கோ'வைத் தொடங்கினார். ஊர்ப்புற மருத்துவர்கள் வாரந்தோறும் வீடியோவில் நிபுணர்களோடு கூடித் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசினார்கள். சிகிச்சை கொடுத்ததும் அவர்களேதான். 2011-இல் ஆய்வு முடிவு வந்தது. பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேருக்குக் கிருமி நீங்கியிருந்தது, எக்கோ மையங்களில் 58.2 சதவீதம் பேருக்கு. அந்த மையங்களில் ஐந்து, சிறைச்சாலைகள். சிறையில் இருப்பவருக்கும் அதே மருந்து, அதே பலன்! என்னைப் போன்றவர்களை நம்பிக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று காட்டினீர்கள் டாக்டர். அந்த நம்பிக்கைக்குத்தான் பெரிய நன்றி.

நோயாளிப் பதிவேட்டு மென்பொருளை 2004-இல் தொடங்கி, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்த ஓப்பன்எம்ஆர்எஸ் குழுவினருக்கு நன்றி.

அப்புறம் மைக்கேல் கர்ரன். பார்வையற்றவரான அவர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற மென்பொருள், கணினித் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டுகிறது, அதுவும் இலவசமாக. பார்வையில்லாத ஒருவர் தன் பரிசோதனை முடிவை, இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல், தானே முதலில் அறிந்துகொள்ளலாம். ரகசியம் காப்பதும் சிகிச்சையின் பகுதிதான் என்று நினைப்பவள் நான்.

குறையைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களையும் விட மாட்டேன். கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கணிக்கும் ஒரு கணினி நிரல், செலவான பணத்தை வைத்து நோயை அளந்தது. மருத்துவம் எட்டாதவருக்குச் செலவு குறைவு. உடனே அவரை ஆரோக்கியமானவர் என்று அது எண்ணிக்கொண்டது. அதனால் கருப்பின நோயாளிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டதை ஆய்வாளர் ஜியாட் ஓபர்மேயரின் குழு 2019-இல் வெளிப்படுத்தியது. இப்படிக் கேள்வி கேட்பவர்கள் இன்னும் நிறைய பேர் வேண்டும்.

கடைசியாக, பதிவு மேசையில் இருக்கும் என் சக ஊழியர்களுக்கு. எல்லாம் செயலிக்கு மாறியபோது, ஃபோன் இல்லாமல் நேரில் வருபவருக்கும் அதே வரிசையில் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றீர்கள். நின்றதால்தான் அவர்கள் இன்றும் வருகிறார்கள்.

நன்றியுடன்,
ஒரு செவிலியர்