ஒரு பஸ் கேட்ட வழக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. எனக்கு முழங்கால் வலிதான். காலையில் பேத்தியை ஸ்கூல் பஸ் ஏற்றிவிடத் தெருமுனை வரை நடக்கிறேன், அதோடு சரி.

'கோர்ட்டுக்குப் போய் என்னத்தைச் சாதித்தோம்' என்று சலித்துக்கொண்டிருந்தாயே, அதுவே மனதில் ஓடுகிறது. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் சொன்ன பிரவுன் வழக்கு உனக்குத் தெரியும். அதோடு சேர்ந்து வந்த வழக்குகளில் ஒன்று தென் கரோலினாவின் கிளாரெண்டன் கவுண்டியிலிருந்து வந்தது. அது ஆரம்பித்ததே ஒரு பஸ்ஸுக்காகத்தான்!

வெள்ளைப் பிள்ளைகளுக்கு அங்கே 30 பஸ். கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை, மைல் கணக்கில் நடை. பாதிரியார் ஜோசப் டிலெய்ன் தூண்டுதலில் லீவை பியர்சன் என்ற விவசாயி வழக்குப் போட்டார். அவர் நிலம் இரண்டு பள்ளி வட்டாரங்களில் கிடந்ததைக் காட்டித் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அப்புறம் அங்கிருந்த கறுப்பினப் பெற்றோர் பலர் சேர்ந்து, பிள்ளைகளுக்குச் சமமான வசதி கேட்டு மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து ஹாரி பிரிக்ஸ், பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தவர். 1949 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஒரு பெட்டி சிகரெட்டைக் கையில் கொடுத்து முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். மோட்டலில் வேலை பார்த்த மனைவி எலைசாவுக்கும் வேலை போனது. டிலெய்னின் வீடு எரிந்தது. அந்தச் சிகரெட் பெட்டியை என்னால் மறக்கவே முடியவில்லை.

வக்கீல் தர்குட் மார்ஷல். சமமான வசதி கேட்டால் போதாது, பிரிவினையையே எதிர்த்து வா என்று அவருக்கு வழிகாட்டியவர் நீதிபதி வேரிங். 1951-இல் மூன்று நீதிபதிகள் அமர்வில் 2-1 என்று தோற்றார்கள். பிரிவினை என்பதே சமத்துவமின்மை என்று தனியாக எழுதிய ஒருவர் வேரிங்தான். மூன்று வருஷம் கழித்து உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் அதையே ஏற்றார்கள். தோற்ற வழக்கின் தீர்ப்பையும் பத்திரமாக வைக்கச் சொல்வாயே, அதற்கு இதைவிட என்ன வேண்டும்!

ஆனாலும் அந்த வட்டாரத்தில் வெள்ளையர் பள்ளிக்குள் கறுப்புப் பிள்ளைகள் நுழைய 1965 ஆனது. பிரிக்ஸோ பிழைப்புத் தேடி ஃபுளோரிடாவுக்கே போய்விட்டார்.

முப்பது வருஷம் வக்கீலாக இருந்தவன் நீ. இவ்வளவும் நடக்கும் என்று தெரிந்திருந்தால் பிரிக்ஸிடம் கையெழுத்து வாங்கியிருப்பாயா? யோசித்துப் பதில் எழுது.

அன்புடன்,
ராமு