ஒலி, ஒளிப் படைப்புகளுக்கு இடம் தரும் கலைக்கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே,

ஓவியத்துக்கு ஓர் ஆணி போதும். ஒலியையும் ஒளியையும் பிணைத்துச் செய்யும் படைப்பில் உங்கள் கட்டடத்தின் வயரிங்கும் சேர்ந்துதான் இயங்குகிறது. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் இசையமைப்பாளர் எட்கார் வரேஸின் மின்னணு இசைக்காகக் கட்டடக் கலைஞர்கள் லெ கொர்புசியேயும் ஸெனாகிஸும் ஓர் அரங்கையே வடிவமைத்து, அதற்குள் நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகளைப் பொருத்தினார்கள். நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. இருக்கும் கூடத்தைச் சரியாகத் தயார் செய்து கொடுங்கள், போதும்.

முதலில் மின்சாரம். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரையும், ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே லைனில் மாட்டுவதால்தான் பாதித் தொல்லை. ட்ரையாக் என்ற மின்னணு சுவிட்சால் இயங்கும் டிம்மர் மின் அலையின் ஒவ்வொரு அரைச் சுற்றையும் வெட்டுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 வெட்டு. அது ஸ்பீக்கரில் கரகரப்பாகக் கேட்கும். வெட்டு அலையின் உச்சியில் விழும்போது, அதாவது விளக்கு ஏறத்தாழ பாதி வெளிச்சத்தில் எரியும்போது, இரைச்சல் மிக மோசம். முழு வெளிச்சத்தில் சோதித்துவிட்டு "சத்தமே இல்லையே" என்று சொன்னால் அது சோதனையே அல்ல. விளக்குகளுக்குத் தனி லைன் வேண்டும், முடிந்தால் தனி ஃபேஸ். ஒலிக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் வேண்டும். ஆடியோ கேபிளையும் மின் கேபிளையும் சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கிட்டே ஆகவேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். அப்புறமும் 'ம்ம்ம்' என்ற ஓசை போகாவிட்டால், ஆடியோ லைனில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் (நேரடிக் கம்பித் தொடர்பின்றி சிக்னலை மட்டும் கடத்துவது) போடுங்கள். எர்த் பின்னைக் கழற்றுவது தீர்வல்ல. உயிருக்கே உலை வைக்கும்.

விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் லைனுக்கு மைக் கேபிளைக் கொடுப்பதும் பழகிப்போன தவறு. பிளக் பொருந்தும், ஆனால் கேபிளின் மின்மறுப்பு (சிக்னலுக்கு அது காட்டும் தடை) பொருந்தாது. கடைசி விளக்கில் 2, 3 பின்களுக்கு இடையே 120 ஓம் டெர்மினேட்டர் (லைனின் முடிவில் மாட்டும் மின்தடை) இல்லாவிட்டால் சிக்னல் எதிரொலித்துத் திரும்பி வரும், விளக்குகள் காரணமின்றித் துடிக்கும்.

அடுத்தது நேரப் பொருத்தம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஏறக்குறைய 50 மில்லிசெகண்ட் தாமதம். ப்ரொஜெக்டரிலோ நிலைமை தலைகீழ்: 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கே 16.7 மில்லிசெகண்ட் ஆகும், உள்ளே இரண்டு மூன்று ஃபிரேம் தேங்கினால் படம் ஒலிக்குப் பின்னால் வரும். ஒலி பிந்தினால் பொறுத்துக்கொள்ளும் மூளை, முந்தினால் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். ஆகவே ஒலியைத்தான் தாமதப்படுத்த வேண்டும். அதற்கு, ஒலியின் தாமதத்தை அமைக்கும் கருவியான உங்கள் ஒலி ப்ராசசரின் பாஸ்வேர்ட் தேவை. தயவுசெய்து அதைப் பூட்டி வைத்துவிட்டு விடுப்பில் போகாதீர்கள்.

மினுங்கும் ஒளி பற்றி விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று. நொடிக்கு 3 முதல் 30 வரையிலான மினுங்கல், ஒளிக்கூச்ச வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. 15 முதல் 25 வரை மிகவும் மோசம், அடர் சிவப்பென்றால் இன்னும் மோசம். எச்சரிக்கைப் பலகை கதவுக்கு வெளியே, டிக்கெட் வாங்கும் இடத்திலேயே இருக்கட்டும். கண்ணை மூடினால் போதும் என்று யாரும் சொல்லக்கூடாது: இமை வழியே சிவப்பொளி உள்ளே வரும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் பொத்திக்கொண்டு வெளியேறச் சொல்லுங்கள். மினுங்கலை நிறுத்திச் சாதாரண விளக்கை எரியவிடும் ஒரே சுவிட்ச் எங்கே என்று அறைக்காவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்போம். வெளியேறும் வழியின் விளக்கை மட்டும் நாங்கள் கேட்டாலும் அணைக்காதீர்கள்.

கடைசியாக, தினசரி இயக்கம். கலைஞர் ஊருக்குப் போனபின் பல வாரம் இதை இயக்கப்போவது உங்கள் பணியாளர்கள். இயக்கும்போது முதலில் கணினி, பிறகு ப்ராசசர், எல்லாவற்றுக்கும் கடைசியாக ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது முதலில் ஆம்ப்ளிஃபயர். வரிசை மாறினால் 'டப்' என்ற அதிர்வு ஸ்பீக்கரின் அதிரும் கூம்பான கோனைக் கிழிக்கவும் கூடும். இந்த வரிசையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மேலாளரின் மேசை இழுப்பறையில் இருந்தால் யாருக்கும் பயனில்லை.

அன்புடன்,
ஒலி, ஒளிக் கலைஞர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும்